தொப்பிமலைக்குக் கீழே போகும் விமானம்

விமானக் கம்பெனி ஒன்று தொடங்குகிறோம், ஊவா மலைநாட்டில் டிக்கட் விற்க உன்னைவிட்டால் வேறு ஆள் இல்லை என்று சிவஞானம் கூப்பிட்டபோது ஹுமைத் மறுபேச்சுப் பேசவில்லை. கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வருடக்கணக்காக இருந்தவன். இருந்த வேலையை விட்டுவிட்டு இன்னும் ஒரு தடவைகூடப் பறக்காத கம்பெனிக்குப் போகிறானே என்று அவன் மனைவி ஜெனீரா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளுக்கு அவன் சொன்ன காரணம் சம்பளம். சொல்லாத காரணம் பாறூக்.

பாறூக் அவனுடைய தம்பி. அறுபத்து நாலாம் வருடம் மார்கழி மாதம், பதுளையில் இருந்த வாப்பாவின் கடைக்குப் புடவை எடுக்க மதுரைக்குப் போனான். சரக்கை எடுத்துக்கொண்டு திரும்பும்போது கப்பலைப் பிடிக்கத் தனுஷ்கோடி ரயிலில் ஏறினான் என்பது வரைக்கும்தான் தெரியும். அன்றிரவு அடித்த புயலில் கடல் எழும்பி வந்து ரயிலோடு அத்தனை பேரையும் கொண்டுபோய்விட்டது. உடல் கிடைக்கவில்லை, ஜனாஸா அடக்கவும் முடியவில்லை. கபுறு இல்லாத பிள்ளைக்கு எங்கே போய் யாசீன் ஓதுவது என்று உம்மா கேட்டுக்கொண்டே இருந்து காலமானார். கடலைத் தொடாமல் போய்வர, கையில் அதிகம் இல்லாதவனுக்கும் ஒரு வழி இருந்திருந்தால் என்கிற நினைப்பு ஹுமைத்தை விட்டுப் போனதேயில்லை. அந்த வழியைத்தான் சிவஞானம் இப்போது திறப்பதாகச் சொன்னார்.

அது எண்பத்தொன்றாம் வருடத் தொடக்கம். கம்பெனிக்கு 'நாரை' என்று பெயர். சொந்தமாக விமானம் கிடையாது. இரட்டை விசிறி வைத்த பழைய விமானம் ஒன்றை வாடகைக்குப் பேசியிருந்தார்கள். கொழும்பிலிருந்து திருச்சிக்குப் போக வேண்டும், வர வேண்டும், அவ்வளவுதான். அந்த வழியில் ஏற்கெனவே பெரிய கம்பெனி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதைவிட மலிவாகத் தலைமன்னார்க் கப்பல் இருந்தது.

"அழகில அவையளோட போட்டி போட எங்களால ஏலாது, ஹுமைத்," என்றார் சிவஞானம். "அவையள் சாப்பாடு குடுக்கினம். நாங்கள் ஒரு டொபிகூடக் குடுக்கப் போறதில்லை. அவையளுக்குக் கொழும்புக் கோட்டையில கண்ணாடி போட்ட ஒபிஸ் இருக்கு. எங்களுக்கு ஒரு புடவைக்கடை மேசை காணும். ரயிலுக்கும் கப்பலுக்கும் செலவழிக்கிற காசோட இன்னும் கொஞ்சம் போட்டால் ஒருத்தன் காலமை வெளிக்கிட்டு மத்தியானம் திருச்சியில சோறு தின்னலாம். இதை மட்டும் சனத்துக்குச் சொல்லும்."

"அவங்களும் விலையைக் குறைச்சா?"

"குறைப்பினம். அதுக்கு முந்தி எங்கட பேர் சனத்தின்ர வாயில ஏறிப்போடோணும். முதல் மாசம் ஒரு சீட்டும் காலியாப் பறக்கக்கூடாது. போகேக்குள்ள தோட்டத்துச் சனம், வரேக்குள்ள புடவை வியாபாரியும் அவன்ர மூட்டையும். இவ்வளவுதான் எங்கட கணக்கு."

தோட்டத்துச் சனம் என்று அவர் சொன்னது, அறுபத்து நாலில் இலங்கையும் இந்தியாவும் எழுதிய ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட் கையில் கிடைத்தும் இன்னும் புறப்படாமல் லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்களை. போனால் திரும்பாத பயணம் அது. கப்பலில் மூட்டை முடிச்சோடு அல்லாடுவதைவிட விமானத்தில் போவது கௌரவம் என்று அவர்களுக்குத் தோன்றச் செய்ய வேண்டும்.

விமானத்தின் வாலுக்குக் கடும் நீலம் பூசுவது, அதில் கால்களைப் பின்னால் நீட்டிப் பறக்கும் வெள்ளை நாரை ஒன்றை வரைவது என்று முடிவாகியிருந்தது. போட்டிக் கம்பெனிக்குத் தெரியக்கூடாது என்று அந்தப் படத்தைச் சிவஞானம் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தார். விமானத்துக்கு இன்னும் வர்ணம் பூசவில்லை. நோட்டீசிலும் படம் போடவில்லை.

பதுளையில் வேலை சுலபமாகத்தான் தொடங்கியது. ஜெனீராவின் அண்ணன் வாஹித் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்தார். கடையின் ஓரத்தில் ஒரு மேசையைப் போட்டு, "நாரை விமான டிக்கட் இங்கே கிடைக்கும்" என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள். பண்டாரவளை வியாபாரிகள் முதல் வாரத்திலேயே வந்து பெயர் கொடுத்தார்கள். லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். சில வருடங்களுக்கு முன் மஸ்கெலியா மலையில் மோதிய விமானத்தைப் பற்றிக் கேட்டார்கள், பயந்தார்கள், பிறகு விலையைக் கேட்டுவிட்டு மனம் மாறினார்கள். தொப்பிமலைத் தோட்டத்திலிருந்து மட்டும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் நிறையப் பேர் இருந்த தோட்டம் அது. வாஹித்தின் பழைய மொரிஸ் மைனரை எடுத்துக்கொண்டு ஹுமைத் அங்கே புறப்பட்டான்.

தொப்பிமலை பூனாகலைக்கும் மேலே, மலையின் விளிம்பில் இருக்கிறது. கடைசி லயத்தின் வாசலில் நின்றால் காலடியிலேயே மலை முடிந்துவிடும். அதற்குக் கீழே கொஸ்லந்தைக் காடு, அதற்கும் கீழே வெல்லவாயப் பக்கத்துச் சமவெளி. பொழுது சாய்ந்தால் பள்ளத்திலிருந்து மூடுபனி எழும்பி லயத்து வாசல்வரை வந்து நின்றுகொள்ளும்.

கொழுந்து நிறுத்து முடிந்து ஆட்கள் திரும்பியிருந்த நேரம். கந்தப்பன் கங்காணி பெஞ்சு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். ஹுமைத் விலையைச் சொன்னான், நேரத்தைச் சொன்னான், மூட்டை எவ்வளவு கொண்டுபோகலாம் என்று சொன்னான். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மஸ்கெலியாவைப் பற்றிக்கூட ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதுதான் அவனுக்கு முதலில் உறுத்தியது.

"பயமா இருக்கா?" என்று அவனே கேட்டான்.

"பயமெல்லாம் இல்லீங்க நானா," என்றார் கந்தப்பன்.

வாசற்படியில் உட்கார்ந்து ஈரக் கம்பளியைப் பிழிந்துகொண்டிருந்த பெண் தலை நிமிர்ந்தாள். ஐம்பது வயதிருக்கும். இராக்கம்மா என்று பெயர். லயத்தில் எதுவானாலும் மற்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள் என்பதை ஹுமைத் அதற்குள் கவனித்திருந்தான்.

"நீங்க எந்த பிளேனச் சொல்றீங்க தம்பி?" என்றாள். "அந்திக்கிக் கீழ போகுதே, அதையா?"

"இங்கே விமானம் ஒன்றும் போறதில்லையே அக்கா. எங்க விமானம் அடுத்த மாசம்தான் வருது. அதுவும் கொழும்பிலதான் ஏறணும்."

"நீல வாலு. அதுல வெள்ளையா ஒரு கொக்கு, காலைப் பின்னால நீட்டிக்கிட்டு. அதுதான?"

ஹுமைத் படத்தை யார் காட்டினார்கள் என்று கேட்டான். அவள் அவனை விசித்திரமாகப் பார்த்தாள்.

"படமா? நாங்கதான் தெனமும் பாக்கிறோமே. முன்னயெல்லாம் வெறும் சத்தம்தான் வரும், வெளிச்சம் மாதிரி ஒண்ணு போகும். இந்தத் தையிலருந்துதான் நெறம் தெரியுது. எங்க வீட்டுக்காரரு அதுலதான் போறாரு. அதுக்குக் காசு ஒண்ணும் குடுக்க வேணாம் தம்பி. அதனாலதான் ஒங்க டிக்கட்டு யாருக்கும் வேணாங்கிறாங்க."

அவளுடைய கணவன் சின்னராசா, ஒப்பந்தம் எழுதிய அதே வருடம், ஊருக்குப் போய்விட்டால் பிழைக்க நிலம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்து வரப் போனவன். திரும்பும்போது தனுஷ்கோடி ரயிலில் இருந்தான். அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். ஹுமைத் தன் தம்பியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. 

"கடல்ல போனவங்க கப்பல்லதானே அக்கா வரணும்?" என்று மட்டும் கேட்டான்.

"கப்பலு எப்பிடி தம்பி மலைக்கு வரும்?" என்றாள் இராக்கம்மா.

புறப்பட்டுவிடலாம் என்று எழுந்தவன் புறப்படவில்லை. மேற்கே வெளிச்சம் மங்கியது. பனி வந்து வாசலில் நின்றது. லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து ஆட்கள் வெளியே வந்தார்கள்.  கைக்குழந்தைகளை மட்டும் உள்ளே விட்டு வந்திருந்தார்கள். நாய்கள் தாமாகவே எழுந்து லயத்தின் பின்பக்கம் போய்விட்டன.

முதலில் சத்தம் வந்தது, கொழுந்து அரைக்கும் மெஷின் தூரத்தில் ஓடுவதுபோல. அது வானத்திலிருந்து வரவில்லை. காலுக்குக் கீழே, பள்ளத்திலிருந்து வந்தது. பிறகு பனிக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சம் நீண்டு வரிசையாக ஜன்னல்களாயிற்று. விமானம் அவர்களுக்குக் கீழே, மலையை ஒட்டி, எந்த விமானமும் போக முடியாத நிதானத்தில் போனது. விசிறிகள் சுற்றியும் பனி கலையவில்லை. மேலே நின்றவர்களுக்கு அதன் முதுகும் நீல வாலும், அதில் நீட்டிய கால்களோடு பறவையும் தெரிந்தன.

ஜன்னல்களில் முகங்கள் இருந்தன. எல்லா முகங்களும் மேலே நிமிர்ந்து லயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒருவரும் கையசைக்கவில்லை.

வால் பக்கமாக, கடைசிக்கு முந்திய ஜன்னலில் பாறூக் இருந்தான். அதே வயது. நெற்றியில் தலைமுடி ஈரமாக ஒட்டியிருந்தது. அவனுக்குப் பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. அவன் ஹுமைத்தைப் பார்த்தான், பார்த்தபடியே காலியாக இருந்த சீட்டின்மேல் கையை வைத்தான். எதற்கு வைத்தான், வா என்பதற்கா, வேறெதற்காவதா என்று ஹுமைத்துக்கு அன்றைக்கும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. அந்த நேரம் அவனுக்கு விமானம் மிகவும் கிட்டத்தில் இருப்பதாகவும், வாசலிலிருந்து இறங்க ஒரு படி இருப்பதாகவும் பட்டது.

இராக்கம்மாவின் கை அவன் முழங்கையை இறுக்கிப் பிடித்தது. கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரல்கள். அவன் குனிந்து பார்த்தபோது தன் காலில் கிடந்த சப்பாத்தின் முன்பாதி மண்ணில் இல்லை என்பதைக் கண்டான்.

"அங்க படி இல்ல தம்பி," என்றாள்.

விமானம் எல்ல என்ற ஊர் இருக்கும் பக்கமாகத் திரும்பிப் பனிக்குள் மறைந்தது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. ஆட்கள் கலைந்து போய் அடுப்பு மூட்டத் தொடங்கினார்கள்.

மொரிஸ் மைனர்வரை கந்தப்பன் கூடவே வந்தார். "சடையன்னு ஒருத்தன் இருந்தான் நானா," என்றார். "போன வருசம் மாசியில அந்த எடத்திலருந்து காலை எடுத்து வச்சிட்டான். மக்யா நாள் கீழ தேயிலைக்குள்ள கெடந்தான். ஒடம்புல ஒரு கீறல் இல்ல, எலும்பு முறியல. தூங்கிற மாதிரி. இராக்கம்மாவும் ஒருநாள் போயிருங்கிற பயம் எங்களுக்கு. தெனமும் அவரப் பாத்து வரட்டுமான்னு கேக்குது. அவரு வேணாம்னு தலைய ஆட்டுறாரு. அவரு தலையாட்டுற வரைக்கும் இருக்கும்."

பதுளையில் வாஹித் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மச்சானுக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறதா என்பதுபோல ஹுமைத்தின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது.

"மச்சான், இது அந்தப் பெரிய கம்பெனிக்காரன்ட வேலை. ஆள் வெச்சிக் கத கட்டி உட்டிருக்கான். தோட்டத்துச் சனம் சொன்னா நம்பும் எண்டு தெரிஞ்சிதான் செஞ்சிருக்கான்."

"நான் பார்த்தேன் மச்சான்."

"பனிக்குள்ள என்னத்தப் பார்க்க?"

ஹுமைத் பாறூக்கின் பெயரைச் சொல்லவில்லை. வாஹித் பாறூக்கோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

அதே வாரம் பெரிய கம்பெனி விலையைக் குறைத்தது. சிவஞானம் கொழும்பிலிருந்து டெலிபோனில் கூப்பிட்டார். முதல் பயணத்தில் பாதி சீட்டுகூட இன்னும் நிறையவில்லை, தொப்பிமலை வந்தால்தான் மற்றத் தோட்டங்களும் வரும் என்றார். படம் வெளியே போனது எப்படி என்று ஹுமைத்தைத் துருவித் துருவிக் கேட்டார். கடைசியில், "அந்த லயத்தில சனம் ஆரின்ர சொல்லைக் கேட்கும்?" என்றார்.

"இராக்கம்மா என்று ஒருத்தர்."

"அவவுக்கு ஒரு டிக்கட் சும்மா குடும். அவ ஏறினால் மற்றவையும் ஏறுவினம். விலை குறைக்கிறதைவிட இது எங்களுக்கு லாபம்."

வியாபாரமாகப் பார்த்தால் அது சரியான யோசனைதான். ஆனால் ஹுமைத் மறுபடி தொப்பிமலைக்குப் போனது சீட்டு நிரப்ப அல்ல. மண்ணில் இல்லாத தன் சப்பாத்து முனை அவன் கண்ணைவிட்டுப் போகவில்லை. அவனுக்கு இப்படியென்றால், தினமும் அந்த விளிம்பில் நிற்கிறவளுக்கு எப்படி இருக்கும்?

இந்த முறை காலையிலேயே போனான். வெயில் பளிச்சென்று இருந்தது. பள்ளத்தில் காடும் வீதியும் துல்லியமாகத் தெரிந்தன. இராக்கம்மாவுக்கு அன்று உடம்பு சுகமில்லை, தன் லயத்து அறையான காம்பராவில் இருந்தாள். சுவரில் மகள் ஜெயலெட்சுமியின் கலியாணப் படம் தொங்கியது. ஜெயலெட்சுமியும் புருஷனும் போய் ஆறேழு வருடமாகிறது. திருச்சிக்கு வெளியே, திரும்பிப் போனவர்களுக்கென்று கட்டிய காலனியில் இருக்கிறார்கள். மகள் பீடி சுற்றுகிறாள். அம்மா வா, வா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அனுப்புகிறாள். இராக்கம்மாவின் பாஸ்போர்ட் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. தோட்டத்துத் துரை இரண்டு தரம் கூப்பிட்டு எப்போது போகிறாய் என்று கேட்டுவிட்டார்.

"என் தம்பியும் அதில இருக்கிறான் அக்கா," என்றான் ஹுமைத். "அதே ரயில்ல போனவன்."

"தெரியும் தம்பி. நீங்க பாத்த பார்வையிலேயே தெரிஞ்சிச்சு."

 அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

"அவர் ஏன் உங்களை ஏத்தமாட்டேங்கிறார் என்று யோசிச்சீங்களா?"

"நேரம் வரலன்னு நெனச்சிக்கிட்டேன்."

"எனக்கு அப்படித் தோணல்ல. உங்களைப் போகச் சொல்றார் என்றுதான் தோணுது. நீங்க இங்கே நிக்கிறவரைக்கும் அவருக்கும் அந்தப் பாதையை விட்டுப் போக முடியாது போல. அங்கே மகள் காத்துக்கொண்டிருக்குது. உயிரோட இருக்கிற பிள்ளை."

 இலவச டிக்கட்டைப் பற்றியும் சொன்னான். அவள் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, பொழுது சாயுமுன் மலையிறங்கிவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை, கடைத்தெருவில் கூட்டம் நெரிந்த நேரம், இராக்கம்மா வாஹித்தின் கடைக்குள் வந்தாள். முடிச்சை அவிழ்த்துக் காசை மேசைமேல் வைத்தாள்.

"இது உங்களுக்குச் சும்மா என்று கம்பெனி சொல்லியிருக்குது அக்கா," என்றான் ஹுமைத்.

"சும்மா வர்ற பிளேனு ஒண்ணுதான் இருக்கே தம்பி. அதுல ஏறவேணாம்னுதான் காசு குடுக்கிறேன். எடுத்துக்கிருங்க."

அவன் எடுத்துக்கொண்டான். மறுவாரம் தொப்பிமலையிலிருந்து பாஸ்போர்ட் வைத்திருந்த அத்தனை குடும்பமும் வந்து சேர்ந்தது. பிறகு பூனாகலையிலிருந்து வந்தார்கள், அதற்குப் பிறகு ஹுமைத் தோட்டங்களுக்குப் போகவே வேண்டியிருக்கவில்லை. முதல் பயணத்துக்கு ஒரு சீட்டும் மிஞ்சவில்லை. சிவஞானம் டெலிபோனிலேயே சிரித்தார்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் முதல் நாள் காலையில் விமானத்தைப் பார்த்ததும் தோட்டத்து ஆட்கள் வரிசையில் அப்படியே நின்றுவிட்டார்கள். புதிய நீல வர்ணம் வெயிலில் மினுங்கியது. நாரை காலை நீட்டிப் பறந்தது. மற்றப் பயணிகளுக்கு அவர்கள் ஏன் நின்றார்கள் என்று விளங்கவில்லை. இராக்கம்மா முன்னால் போய் விமானத்தின் உடம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"சூடா இருக்கு," என்று பின்னால் திரும்பிச் சொன்னாள். "ஏறுங்க."

உள்ளே அவள் ஜன்னலோரம் உட்கார மறுத்துவிட்டாள். அந்த இடத்தில், கம்பெனி ஆளாகக் கூடப் போன ஹுமைத் உட்கார்ந்தான். கடல் வந்தது. வெள்ளையாக ஒரு மணல் நாக்கு கடலுக்குள் நீண்டு கிடப்பதைப் பார்த்தான். அதுதான் தனுஷ்கோடி என்று அவனுக்குத் தெரிந்தது. யாசீன் ஓதினான். பதினாறு வருடமாக எங்கே நின்று ஓதுவது என்று தெரியாமல் இருந்தது. கீழே கடல் வெறும் கடலாகத்தான் இருந்தது. இராக்கம்மா கண்ணை மூடிக்கொண்டு அவன் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். திருச்சியில் இறங்கியபோது வெளியே கம்பி வேலிக்குப் பின்னால் ஜெயலெட்சுமி நின்று அழுதுகொண்டிருந்தாள். மகளைக் கண்டதும் இராக்கம்மா அவனிடம் சொல்லிக்கொள்ளவும் மறந்து ஓடினாள்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் ஹுமைத் நிம்மதியாக இருந்திருப்பான்.

சித்திரை போய் வைகாசி வந்தது. பெரிய கம்பெனி இன்னொரு தரம் விலையைக் குறைத்தும் நாரை நின்றுபிடித்தது. ஒருநாள் கந்தப்பன் பதுளைக் கடைக்கு வந்தார். எதுவும் வாங்கவில்லை. கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றுவிட்டு ஹுமைத்திடம் வந்தார். அவர் இலங்கைப் பிரஜை, லயத்தில் மிஞ்சிய சிலரில் ஒருவர்.

"இராக்கம்மா திரும்பி வந்திருச்சா நானா?"

"இல்லையே. ஏன்?"

"அந்திக்கி லயத்து வாசல்ல நிக்குது. பூட்டிக் கெடக்கிற அதுட காம்பரா முன்னால. கம்பளியப் போர்த்திக்கிட்டு, பள்ளத்தப் பாத்துக்கிட்டு. கிட்டப் போனா இல்ல. நான் மட்டும் பாக்கல, எல்லாருந்தான் பாக்கிறோம். செத்துக்கித்துப் போயிருச்சோன்னு கேக்கத்தான் வந்தேன்."

அடுத்த விமானத்திலேயே ஹுமைத் திருச்சிக்குப் போனான். காலனியைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது சாயங்காலமாகிவிட்டது. வெக்கை தரையிலிருந்து எழும்பி முகத்தில் அறைந்தது. ஓட்டு வீடு. வாசலில் ஜெயலெட்சுமி முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவனை அடையாளம் கண்டுகொண்டு எழுந்தாள்.

"அம்மா இருக்காங்களா?" என்று கேட்டான்.

"இருக்காங்கண்ணே. உள்ளதான் இருக்காங்க. ஆனா இப்பக் கூப்பிட்டாக் கேக்காது."

இராக்கம்மா கயிற்றுக் கட்டிலில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். கண்கள் திறந்திருந்தன. பார்வை மட்டும் கீழே, தரைக்கும் கீழே எங்கேயோ போயிருந்தது. மூச்சு மெதுவாக வந்தது.

"பொழுது சாயுற நேரம் இப்பிடித்தான்," என்று ஜெயலெட்சுமி மெல்லிய குரலில் சொன்னாள். "தொட்டுப் பாருங்க."

அவன் சேலைத் தலைப்பைத் தொட்டான். ஈரம். வியர்வையின் ஈரமல்ல, ஜில்லென்று விரலைச் சுட்டது. நரைமுடியில் பொடிப்பொடியாகப் பனி கோத்திருந்தது. அந்த வெக்கையில், அந்த ஓட்டு வீட்டுக்குள், அவளைச் சுற்றி மட்டும் நனைந்த தேயிலைத்தூரின் வாசம் அடித்தது.

ஜெயலெட்சுமி விளக்கேற்றினாள். கொஞ்ச நேரத்தில் இராக்கம்மா ஒரு நீண்ட மூச்சு விட்டாள். தூரமாக நடந்துவிட்டு வந்தவள்போல முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "தேத்தண்ணி போடு புள்ள," என்றாள். அப்புறந்தான் அவனைக் கண்டாள். முகம் மலர்ந்தது.

"எப்ப வந்தீங்க தம்பி?"

"இப்பத்தான் அக்கா. நீங்க எங்கே போயிட்டு வந்தீங்க?"

அவள் மகளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவருகிட்டச் சொல்லாம வந்திட்டேன்ல. சொல்லிட்டு வரணும்னுதான் போறேன். அவருக்குக் கோவமில்ல. இப்ப எடம் மாறி உக்காந்திருக்காரு. ஒங்க தம்பி பக்கத்துல ஒரு சீட்டு காலியாக் கெடந்துச்சே, அதுல." கொஞ்சம் நிறுத்தினாள். "இனி நீங்க அங்க போனாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா போகாதீங்க."

ஹுமைத் தலையாட்டினான்.  அவள் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, இந்த ஊர்த் தூளில் சாயமே இல்லை என்று மகளைக் குறைசொன்னாள். அடுத்த தடவை வரும்போது பதுளையிலிருந்து நல்ல தூளாக ஒரு பக்கட் கொண்டுவரச் சொன்னாள். நன்றாகத்தான் இருந்தாள்.

புறப்படும்போது ஜெயலெட்சுமி தெருமுனைவரை கூட வந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமாண்ணே? எங்க வீட்டுக்காரரு போவோம்கிறாரு."

"வேணாம். அந்த நேரத்தில அவங்களை யாரும் எழுப்பவும் வேணாம். விளக்கு வைச்சதும் வந்திடுறாங்கதானே."

"ஒருநாள் வராம இருந்திட்டா?"

 மறுநாள் காலை விமானத்தில் போக வேண்டியவன் போகவில்லை. பொழுது சாயுமுன் மறுபடி காலனிக்கு வந்து, கட்டிலுக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். பொழுது சாய்ந்ததும், கட்டிலில் உட்கார்ந்தபடியே இராக்கம்மா போனாள். ஜெயலெட்சுமி விளக்கேற்றத் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்கதவில் சாய்ந்து நின்றாள். தெருவில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். இருவரும் அந்த நனைந்த முகத்தையே பார்த்துக்கொண்டு, அவள் வந்து சேரும்வரை காத்திருந்தார்கள்.